முதல் தடவை விளையாடுபவர்

கேம் செய்கிறவர்களிடம் ஒரு விதி உண்டு. நீங்கள் செய்த கேமை இன்னொருவர் விளையாடிப் பார்க்கும்போது, அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் தப்பான கதவைத் தட்டுவார். கண்ணுக்கு எதிரே கிடக்கிற சாவியை விட்டுவிட்டுச் சுவரில் போய் முட்டுவார். உங்களுக்கு உயிர் போகும். ஆனாலும் மூச்சு விடக் கூடாது. ஏனென்றால் நாளைக்குக் காசு கொடுத்து வாங்குகிறவன் வீட்டில் போய் நின்று, 'இடது பக்கம் திரும்புங்க சார்' என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. விளையாடுகிறவர் திணறினால் தப்பு அவர் மேல் இல்லை, கேம் மேல். இதுதான் விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய்ப் பெற்ற அப்பாவிடம் காட்டினான் பாருங்கள் சின்னவன், அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மனுஷர் அவன் கண்ணெதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டிருந்தார். இவன் பின்னால் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, கேமைத் திருத்திக்கொண்டிருந்தான்.

சின்னவன் என்றால் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். காதோரம் நரைத்துவிட்டது, மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது. வீட்டுக்கு இளையவன், அதனால் ஆயுசுக்கும் சின்னவன். கிடங்குகளில் எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்கிற மென்பொருளைப் பல வருஷம் கட்டி மேய்த்தான். மாசம் பிறந்தால் சம்பளம், தலைவலி இல்லாத வேலை. அம்மா போன பிறகு ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"இனிமே சொந்தமா கேம் செய்யப் போறேன்பா."

அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "செய்யேன். யாரு வேணாம்னா?"

அவ்வளவுதான் அப்பா. வெளியூரில் இருக்கிற அக்காதான் போனில் மூக்கால் அழுதாள். "நல்லா இருந்த வேலையை விட்டுட்டு இந்த வயசுல விளையாட்டா? உனக்கு என்னடா கிறுக்கு?"

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சேர்ந்த நாளிலிருந்து இறங்கிய நாள் வரைக்கும் ஒரே ரூட். டெப்போ, மார்க்கெட், ஆஸ்பத்திரி, மில் கேட், தண்ணீர்த் தொட்டி, கடைசி ஸ்டாப். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குத் தலைகொள்ளாத பெருமை. அவர் வண்டியில் வழக்கமாக வருகிறவர்கள் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதே இல்லை. வேலை முடிந்து ஏறி, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போவார்கள். அவர் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வார். அந்தந்த இடத்தில் வண்டி நிற்கும், "அம்மா, மில் கேட் வந்தாச்சு, எந்திரிங்க" என்று குரல் வரும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் சின்னவனும் கூடப் போவான். டிரைவருக்கு இடது பக்கம் இன்ஜின் பெட்டி மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, சூடு தாங்காமல் அப்படியும் இப்படியும் நெளிந்துகொண்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்வருவான்.

அதைத்தான் கேமாகச் செய்தான். அப்பாவின் ரூட்டை வளைவுக்கு வளைவு அப்படியே வரைந்தான். விளையாடுகிறவர்தான் டிரைவர். ஏறுகிறவர்கள் ஏறும்போது ஒரே ஒரு தடவை தங்களைப் பற்றி எதையாவது சொல்வார்கள். "பொண்ணுக்குக் காய்ச்சல் சார், மருந்து வாங்கிட்டுப் போறேன். எங்க வீட்டுக்கு எதிர்லதான் தண்ணித் தொட்டி" என்பாள் ஒருத்தி. பிறகு தூங்கிவிடுவாள். யார் என்ன சொன்னார்கள் என்று ஞாபகம் வைத்திருந்து, சரியான இடத்தில் நிறுத்தி எழுப்பிவிட வேண்டும். துப்பாக்கி கிடையாது, பூதம் கிடையாது. ஞாபகம்தான் மொத்த கேமும்.

செய்வது பாதி வேலைகூட இல்லை என்று அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. ஆன்லைன் கடையில் வாரா வாரம் மூட்டை மூட்டையாக கேம் வந்து விழுகிறது. அதில் நம்முடையதை எவன் பார்ப்பான்? அதற்கென்று ஒரு பக்கம் தயார் செய்ய வேண்டும், ஒரு டிரெய்லர் வெட்ட வேண்டும், அது ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள் பார்க்கிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வாங்கின கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். கேம் வெளிவருவதற்கு முன்னாலேயே எத்தனை பேர் 'எனக்கு வேண்டும்' என்று குறித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் வெளியீட்டுக் கம்பெனிக்காரர்கள் போனையே எடுப்பார்கள். இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. ராப்பகலாக இணையத்தில் பிறர் பேசியதைக் கேட்டான், விழுந்து எழுந்து கற்றுக்கொண்டான். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை நூலகத்து மாடி அறையில் இவனைப் போலச் சொந்தமாக கேம் செய்கிறவர்கள் நாலைந்து பேர் கூடுவார்கள். அங்கேயும் தவறாமல் போனான். அங்கே தாடி என்று ஒருவன். தாடி வைத்திருந்ததால் அந்தப் பெயர், தாடியை எடுத்த பிறகும் அதே பெயர். அவன்தான் அந்த விதியைச் சொன்னான்.

"பின்னாடி உக்காரு, வாயைத் திறக்காதே. இன்னொண்ணு. ஒருத்தர் ஒரு தடவைதான் முதல் தடவை விளையாட முடியும். அப்புறம் அவருக்கு எல்லாம் தெரிஞ்சு போயிடும், உனக்கு உதவமாட்டார். புதுக் கண்ணுதான்டா நம்ம தொழில்ல தங்கம். பாத்து செலவு பண்ணு."

சின்னவன் பாத்துத்தான் செலவு பண்ணினான். பழைய ஆபீஸ்காரர்கள் தீர்ந்தார்கள், மாடிவீட்டுத் தம்பதி தீர்ந்தார்கள், பல் டாக்டரைக்கூட விடவில்லை. அப்பாவை முதலிலேயே உட்கார வைத்திருந்தான், அது வெறும் ஆசைக்கு. மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற பொம்மை ஸ்டியரிங் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இது என்னடா, ஸ்டியரிங்கா, சாப்பாட்டுத் தட்டா?" என்றார் அப்பா.

"ஓட்டுங்கப்பா. நான் பேசமாட்டேன். நான் இங்க இல்லைன்னு வெச்சுக்கோங்க."

"இல்லாதவன் எதுக்குடா என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருக்கே?"

ஆனால் வண்டியைக் கிளப்பினதும் ஆளே மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்துவிட்டது. ஆளில்லாத சிவப்பு விளக்குக்கும் நின்றார். மில் கேட் வளைவில், "இவ்ளோ குறுகலா திரும்பினா பின் சக்கரம் சாக்கடைல இறங்கிடும்டா, தள்ளிப் போடு" என்று தொழில் சொன்னார். ஏறின அத்தனை பேரையும் ஒருவரைக்கூட விடாமல் அவரவர் இடத்தில் இறக்கிவிட்டார். மருந்து வாங்கிப் போகிறவளைத் தண்ணீர்த் தொட்டியில் எழுப்பும்போது, "குழந்தையைப் பாத்துக்கோம்மா" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் தொழில் கணக்கில் அப்பா அத்தோடு தீர்ந்தார். எல்லாம் தெரிந்தவர் எதற்கு உதவுவார்? ஸ்டியரிங்கைக் கழற்றி அலமாரி மேல் போட்டான்.

பல மாசம் போனது. கேமில் மழை வந்தது, புதுப் பயணிகள் வந்தார்கள். விளையாடிப் பார்க்கத்தான் ஆளில்லை. ஒரு மத்தியானம் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கை எடுத்துத் தூசி தட்டி மாட்டினான்.

"அப்பா, நீங்க இதை இதுவரைக்கும் பாத்ததே இல்லைன்னு நினைச்சுக்கோங்க. முதல் தடவை விளையாடறீங்க. அப்படியே இருக்கணும், சரியா?"

"சரி" என்றார் அப்பா. பிள்ளை சொன்னால் தட்டமாட்டார். உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். "இது என்னடா, ஸ்டியரிங்கா, சாப்பாட்டுத் தட்டா?"

சின்னவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அட, என்ன நடிப்பு இந்த மனுஷருக்கு. அதே வார்த்தை, அதே முகம். அப்பா மார்க்கெட்டைத் தாண்டினார். மருந்து வாங்கின பெண் ஏறினாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள், தூங்கினாள். தண்ணீர்த் தொட்டி வந்தது. அப்பா நிறுத்தாமல் போனார். கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு எங்க இறங்கணும்?" என்று கேட்டார்.

பின்னால் உட்கார்ந்திருந்தவன் பதில் சொல்லவில்லை. விதி இருக்கிறதே. ஆனால் முகமெல்லாம் பல். முதல் தடவை விளையாடுகிறவன் எங்கே தடுக்கி விழுவான் என்று அப்படியே கண்ணாடி மாதிரி காட்டுகிறாரே. புதிதாகப் போட்ட மழை இருட்டில் தொட்டி சரியாகத் தெரியவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினான். விளையாடி முடித்ததும், "பிரமாதம்பா. இதுதான் எனக்கு வேணும். பெரிய உதவி பண்ணினீங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அம்மா போன பிறகு அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்துப் பேசினதில்லை. அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நமக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதைவிட, தெரிந்துகொள்ள அவனுக்கு நேரமில்லை என்று சொல்வதுதான் சரி.

அதற்குப் பிறகு வாராவாரம் அப்பாதான். தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கி விளக்குப் போட்டான். அப்பா அதையும் தாண்டிப் போனார். ஸ்டாப் பெயரைப் பலகையில் எழுதினான். அப்பா பலகையைப் படித்தார், ஆனால் யாருக்கு அந்த ஸ்டாப் என்று தெரியாமல் விழித்தார். சரி என்று, தூங்குகிறவர்கள் தலைக்கு மேல் அவரவர் இறங்க வேண்டிய இடத்தின் படத்தை மிதக்கவிட்டான். பிறகு தெருவில் அம்புக்குறி. பிறகு அம்புக்குறிக்கு மஞ்சள் நிறம். பிறகு, "அடுத்தது என் ஸ்டாப் சார்" என்று பயணியே எழுந்து சொல்கிற மாதிரி ஒரு குரல். ஒவ்வொரு தடவையும் அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துச் சாப்பாட்டுத் தட்டா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் சின்னவன் சிரித்தான். தான் வாழ்நாளெல்லாம் ஓட்டின மில் கேட் வளைவில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்குக்கூட, 'நான் வரைஞ்சது சரியில்லை' என்றுதான் நினைத்தான். இரண்டு நாள் சோறு தண்ணீர் பார்க்காமல் அந்த வளைவைத் திருப்பி வரைந்தான்.

நூலகத்து மாடியில் போய்ப் பெருமை பேசினான். "எங்க அப்பா மாதிரி டெஸ்டர் உங்க யாருக்கும் கிடைக்காது. எத்தனை தடவை உக்கார வெச்சாலும் முதல் தடவை மாதிரியே விளையாடறார்."

"கொடுத்து வெச்சவன்டா நீ" என்றான் தாடி. "எனக்கு ஒரு வாரம் கடன் குடேன் அவரை." எல்லோரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான்.

அக்கா சும்மா இருக்கவில்லை. "டேய், அப்பா நேத்து போன்ல என் பையன் என்ன படிக்கிறான்னு கேட்டார். சொன்னேன். வைக்கறதுக்குள்ள மறுபடியும் அதையே கேட்டார். எனக்கென்னவோ மனசு சரியில்லை. டாக்டர்கிட்ட ஒரு எட்டு கூட்டிட்டுப் போயேன்."

"அக்கா, நான் கூடவே இருக்கேன். தினம் பாக்கறேன். அவருக்கு என்ன, நல்லாத்தான் இருக்கார். எனக்கு கேம்ல எவ்ளோ உதவி பண்றார் தெரியுமா?"

"அதுக்கில்லைடா..."

"டெமோ வெளிய வரட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போறேன். இப்ப என்னைப் போட்டுப் பிடுங்காதே."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவளுக்குக் கோபம் என்று அவனுக்குத் தெரிந்தது. கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டான்.

டெமோ வந்தது, அதாவது கேமின் ஆரம்பத்தை மட்டும் இலவசமாக விளையாடிப் பார்க்கக் கொடுப்பது. ஆன்லைன் கடையில் புது கேம்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருந்தார்கள், அதில் இவனுடையதும். விளையாடினவர்கள் எழுதினதைப் படித்து அவனுக்கு முகம் தொங்கிப் போனது. 'எல்லாவற்றையும் அம்பு போட்டுக் காட்டினால் நான் எதற்கு?' 'ஞாபக விளையாட்டு என்றார்கள், ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லையே.' 'விளையாடுகிறவனை இவ்வளவு முட்டாளாக நினைக்க வேண்டாம்.' சின்னவனுக்குத் தலை கால் புரியவில்லை. விதிப்படிதானே எல்லாம் செய்தான். திணறின இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தானே திருத்தினான்.

அந்த வாரத்தின் ஒரே நல்ல செய்தி, ஒரு வெளியீட்டுக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வீடியோவில் பேச வந்தது. ஐம்பது வயதிருக்கும், பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

"உள்ள நல்ல கேம் ஒண்ணு இருக்கு. ஆனா மேல என்னென்னவோ போட்டு மூடி வெச்சிருக்கீங்க. யாரை மனசுல வெச்சு இவ்ளோ அம்பு போட்டீங்க?"

"சும்மா போடலைங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் போட்டேன். வேணும்னா காட்டறேன்."

விளையாடும்போதெல்லாம் விளையாடுகிறவர் முகத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது இந்தத் தொழிலில் வழக்கம். போன வாரம் எடுத்ததைப் போட்டுக் காட்டினான். அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தார், தட்டா என்று கேட்டார். அம்மாள் புன்னகை செய்தாள். அப்பா ஓட்டினார். மஞ்சள் அம்பு காட்டுகிற திசையில் போனார், நின்றார், யாரை எழுப்புவது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருடைய கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மாளின் புன்னகை போய்விட்டது.

"இவர் யாரு?"

"எங்க அப்பா. பஸ் டிரைவரா இருந்தவர். இதே ரூட்தான்."

"முதல் தடவை விளையாடறாரா?"

"இல்லைங்க, மாசக்கணக்கா விளையாடறார். முதல் தடவை மாதிரி விளையாடுங்கன்னு நான் சொல்லியிருக்கேன். அப்படியே செய்வார், அதான் விசேஷம்."

அந்த அம்மாள் தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "கேமை விடுங்க, அதை அப்புறம் பேசலாம். எங்க அம்மாவும் கடைசில இப்படித்தான் கையை மடில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. உங்க அப்பா நடிக்கலைன்னு தோணுது. முதல்ல போய் அவரைப் பாருங்க."

அப்பா பக்கத்து அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சின்னவன் வாசல்படியிலேயே நின்றான்.

"அப்பா. அந்த கேம்ல மருந்து வாங்கிட்டு ஒரு பொண்ணு ஏறுவாளே. அவ எங்க இறங்கணும்?"

அப்பா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். எதையோ தேடுகிற மாதிரி பார்த்தார். "முதல் தடவை மாதிரி சொல்லணுமா, நிஜமா சொல்லணுமா?"

"நிஜமா."

பாலிஷ் துணியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "தெரியலைடா" என்றார்.

சின்னவன் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீங்க நடிக்கறீங்கன்னு நினைச்சேன்பா."

"எனக்கு எங்கடா நடிக்கத் தெரியும்?" என்றார் அப்பா. குரலில் வருத்தம்கூட இல்லை, நடந்ததைச் சொன்னார். "முதல்ல பயமாத்தான் இருந்துது. என் ரூட்டு, எனக்கே தெரியலையேன்னு. உங்கிட்ட சொல்லிடலாம்னு திரும்பிப் பாத்தேன். நீ சிரிச்சிட்டிருந்தே. பிரமாதம்பான்னு சொன்னே. அப்புறமும் எனக்குத் தெரியாம போறப்பல்லாம் நீ சந்தோஷப்பட்டே. உங்க அம்மா போனதுலேர்ந்து உன் மூஞ்சில சிரிப்பே இல்லை. சரி, இது பிள்ளைக்கு உதவுது போல இருக்குன்னு விட்டுட்டேன்."

பெற்ற தகப்பன் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்திருக்கிறான், பிள்ளை கைதட்டியிருக்கிறான். இதற்கு மேல் என்னத்தைச் சொல்ல? சின்னவன் அந்த ஷூவையும் துணியையும் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அப்பா அவன் தலையைத் தடவினார். பாலிஷ் கறை நெற்றியெல்லாம் ஒட்டியது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். சாதாரணமாக வீட்டுக்காரர்கள் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொன்று சொல்வார்களாம். சின்னவனால் சரியாகச் சொல்ல முடிந்தது, அதுதான் கொடுமை. எந்த மாசம் தொட்டியை மறந்தார், எந்த மாசம் மில் கேட்டை மறந்தார், எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகிற படமாக இருந்தது.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டான்.

"குணமாகியிருக்கும்னு சொல்லமாட்டேன். இதை நிறுத்த மருந்து இல்லை. கொஞ்சம் மெதுவாக்கியிருக்கலாம், ஒருவேளை."

அந்த ஒருவேளை அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தாள். திட்டுவாள், நாலு அறைகூட விடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டாள், வழி தவறிப் போனால் உதவும் என்று சட்டையெல்லாம் எடுத்துப் பெயர் தைத்து வைத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது, "நீ தனியாப் பாக்க முடியாதுடா, மாசத்துல பாதி நான் வந்து இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அந்த அம்மாள் சொன்னபடி திரும்பக் கூப்பிட்டாள். அம்பையும் படத்தையும் எடுத்துவிட்டால் கம்பெனி கேமை எடுத்துக்கொள்ளும் என்றாள். எடுத்தான். அப்பாவுக்காகப் போட்ட ஒவ்வொன்றையும் அவனே உட்கார்ந்து கழற்றினான். மஞ்சள் அம்பு, மிதக்கிற படம், "அடுத்தது என் ஸ்டாப் சார்" என்கிற குரல். கழற்றிப் பார்த்தால் அப்பா முதல் தடவை விளையாடின அதே கேம்தான் மிஞ்சியது. வெளிவந்தது, சுமாராக ஓடியது. அடுத்த கேம் செய்கிற அளவுக்கு ஓடியது என்றால் இந்தத் தொழிலில் அதுவே பெரிய விஷயம். தாடி போன் பண்ணிப் பாராட்டினான். பாராட்டிவிட்டு, "அன்னிக்கு நான் பேசினது..." என்று இழுத்தான். "விடுடா, சிரிச்சதுல நானும் ஒருத்தன்தானே" என்றான் சின்னவன்.

அம்பு போட்ட கேமை அவன் அழிக்கவில்லை. அது அவன் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. சாயங்காலமானால் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. டியூட்டிக்கு நேரமாச்சு என்று ஷூ மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் பார்ப்பார். அப்போது ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார வைத்தால் அடங்குவார். கொஞ்ச நாளில் அம்பும் அவருக்கு உதவவில்லை. இனிமேல் கேமில் திருத்த ஒன்றும் இல்லை என்று சின்னவனுக்குப் புரிந்தது. பின்னால் போட்டிருந்த நாற்காலியை எடுத்துவிட்டு, அப்பாவுக்கு இடது பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டான். வாயைத் திறந்தான்.

"இடது பக்கம் திரும்புங்கப்பா. மெதுவா. தொட்டி வருது பாருங்க, நிறுத்துங்க. அந்தப் பொண்ணை எழுப்பிவிடுங்க."

அப்பா சொன்னதைச் செய்தார். சரியாகச் செய்தபோது அவர் முகத்தில் பழைய பெருமை எட்டிப் பார்த்தது. சில நாள் அவருக்கு அவன் சின்னவன். சில நாள் டெப்போவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எவனோ. அவன் எதையும் மறுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வண்டி மார்க்கெட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேமில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியில் அவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது பக்கம் திரும்பி முக்காலியில் இருந்தவனைப் பார்த்தார். நல்ல மரியாதையோடு கேட்டார்.

"நீங்க எங்க இறங்கணும் தம்பி?"

பெற்ற பிள்ளையைப் பார்த்து நீங்க என்கிறார். சின்னவனுக்குக் கண் மறைத்தது. பதில் சொல்ல வேண்டுமே, கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரே. "கடைசி ஸ்டாப் சார்" என்றான்.

"கடைசி ஸ்டாப்பா. தூரமாச்சே" என்றார் அப்பா. "களைச்சுப் போயிருக்கீங்க. தூங்கினா தூங்குங்க, பயப்படாதீங்க. வந்ததும் நான் எழுப்பிவிடறேன்."

சின்னவன் சரி என்று தலையை ஆட்டினான். மில் கேட் வளைவு வந்தது, வண்டி திரும்பவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா நேராக ஓட்டிக்கொண்டிருந்தார்.